கூரை திறந்த கார்

கூரை பாதியில் நின்றுவிட்டது. முன்னால் வராமலும் பின்னால் போகாமலும், கொட்டாவி விட்ட வாய் மாதிரி ஆகாயத்தைப் பார்த்துத் திறந்து நின்றது.

"ஸ்விட்சை விடாம அமுக்குங்க சார்," என்றார் பக்கத்து சீட்டில் இருந்த ஜெயராம். கார் அவருடையது. சைனிக்புரியில் அவர் வீட்டு வாசலில்தான் இந்தக் கூத்து.

காரை வாங்குவதற்கு ஓட்டிப் பார்க்க வந்த தேவசகாயம் அமுக்கினார். கூரை மடமடவென்று மடிந்து, பின்சீட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. மூடுவதற்கு அமுக்கினார். அசையவில்லை.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி அவர். தலைவலி மாத்திரையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். கூரை திறக்கும் கார் கல்லூரிக் காலத்து ஆசை. பழைய கார் என்பதால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று படித்துவிட்டே வந்திருந்தார். டிக்கி விரிப்பை மோந்து பார்த்தாயிற்று, பூஞ்சை வாடை இல்லை. ஜன்னலோர ரப்பரைக் கிள்ளிப் பார்த்தாயிற்று, வெடிப்பு இல்லை. மூடியிருந்த கூரைமேல் பாட்டில் தண்ணீரை ஊற்றியும் பார்த்தாயிற்று. பின்சீட்டில் இருந்த மனைவி எலிசபெத் நனையவில்லை. கடைசியாகத் திறந்து பார்த்ததில்தான் வந்தது வினை.

"கொஞ்ச தூரம் ஓட்டுங்க, தானா சரியாயிடும்," என்றார் ஜெயராம். "போலாரம் பக்கம் திருப்புங்க. ரோடு காலியா இருக்கும்."

தேவசகாயம் ஒரு வேகத்தடையில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கிக் காதைத் தீட்டிக்கொண்டார். எங்கும் கடகடக்கவில்லை.

"பாடி உறுதியா இருக்கு!"

"யாருக்கு?" என்றாள் எலிசபெத், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த திருப்பத்தில் பேண்டு வாத்தியத்தோடு ஒரு கல்யாணக் கூட்டம் நின்றிருந்தது. "காடி ஆகயா!" என்று வண்டி வந்துவிட்டதைக் கூவியது ஒரு குரல். தேவசகாயம் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதற்குள் பானெட்டில் சாமந்தி மாலை விழுந்தது. தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை கதவைத் தாண்டி ஏறி, மடிந்த கூரைமேல் ஜம்மென்று உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பினார். "தேவுடு மாதிரி நேரத்துக்கு வந்தீங்க சார்!" என்றார் தெலுங்கில்.

"வேற வண்டின்னு நினைச்சுட்டாங்க போல," என்று ஜெயராம் காதைக் கடித்தார். "ஏறினவரை எப்படி இறங்கச் சொல்றது? உங்க இஷ்டம் சார்."

தேவசகாயம் திரும்பி மனைவியைப் பார்த்தார். "இறங்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ, நக்கோ, வேணாம்! முகூர்த்த வேளை. மண்டபத்துல விட்டுட்டுப் போவோம்," என்றாள் எலிசபெத். அவளை மாப்பிள்ளைக்குச் சித்தி என்று நினைத்து யாரோ அதற்குள் தலையில் மல்லிகை வைத்துவிட்டார்கள்.

கார் ஊர்ந்தது. முன்னால் ஆட்டம், பின்னால் வெடி. இப்படி ஊர்ந்தும் எஞ்சின் சூடேறவில்லை என்பதைத் தேவசகாயம் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

சிராவண மாதத்துத் தூறல் ஆரம்பித்தது.

"ஏங்க, கூரை!" என்றாள் எலிசபெத்.

தேவசகாயம் யோசிக்காமல் ஸ்விட்சை அமுக்கிவிட்டார். இத்தனை நேரம் முரண்டு பிடித்த கூரை, இப்போது மாப்பிள்ளையோடு சேர்ந்து எழுந்தது. மாப்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மெதுவாக உயர்ந்தார். தேவசகாயம் பதறிப்போய்த் திரும்ப அமுக்கினார். மாப்பிள்ளை மெதுவாக இறங்கினார்.

கூட்டம் விசில் அடித்தது. எல்லோர் கையிலும் போன்.

"ஒன்ஸ் மோர்!"

வேறு வழி? தேவசகாயம் மறுபடியும் ஏற்றி இறக்கினார்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பா அவரைக் கட்டிக்கொண்டார். "எங்க வீட்டுல இப்படி ஒரு பராத் ஊர்வலம் நடந்ததே இல்லை சார். ரொம்ப தேங்க்ஸ்!" என்று தன் கையாலேயே ஒரு லட்டை ஊட்டிவிட்டார். கம்பெனியில் தேவசகாயம் மடக்காமல் விட்டிருந்தால் எத்தனையோ கெட்ட மருந்து வெளியே போயிருக்கும். அதற்காக ஒருவரும் அவரைக் கட்டிப்பிடித்ததில்லை.

ஜெயராமின் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்னப்பின்ன தெரியாத என்னை நம்பி வண்டியைக் கொடுத்தீங்க. உங்களாலதான் இந்த நாள். கூரை மக்கர் பண்ணினாலும் பரவாயில்லை, காரை நான் வாங்கிக்கிறேன்."

"அவசரமே இல்லை சார்," என்று ஜெயராம் கையை உருவிக்கொண்டார். "வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க."

"எவ்வளவு நல்ல மனுஷன்!" என்றாள் எலிசபெத்.

இவர்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு, பேண்டு வாத்தியத்தில் டிரம் அடித்த சூசைராஜ் என்பவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"நீங்க எவ்வளவோ தேவலை சார். போன வாரக் கல்யாண வாடகையில, இதே காரை வாங்க வந்தவர், மாப்பிள்ளையை வேற மண்டபத்துல இறக்கிட்டார்!"