உருத்திரபுரத்துக்கு ஒரு திறப்பு

புதிதாக ஒன்றைப் படித்துவிட்டு வந்தவனிடம் உடனே பொறுப்பான வேலை எதையும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

யுத்தம் நின்றிருந்த சமாதான காலம். கொழும்புப் பாதை திறந்திருந்தது. கொழும்பில் கொம்பியூட்டர் படித்து முடித்து, கிளிநொச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தேன். கூரையில் இருந்த டிஷ் வழியாக எங்களுக்கு இன்ரநெற் வரும். அதை அன்ரனா மூலம் உருத்திரபுரத்துக் கிளைக்கும் அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்தக் கிளையை நடத்தியவர் மதி ரீச்சர். என் வயதுதான். (ஆனாலும் ரீச்சர் ரீச்சர்தானே!)

முதல் நாளே பெரிய காரியம். உருத்திரபுரம் யோகம்மா மாமியின் மகன் நோர்வேக்குப் போய்ப் பல வருடம். அவனுக்குப் பிறந்த பிள்ளையை மாமி கண்டதே இல்லை. அன்று பின்னேரம் அவன் லீவு போட்டுவிட்டு, பிள்ளையோடு கமெரா முன்னால் வந்து காத்திருப்பான்.

அன்ரனாவைப் பொருத்திவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. காற்றில் போகிற கதையை யாரும் ஒட்டுக்கேட்கலாம். மாமியின் குடும்பக் கதையில், வழியில் நிற்கிறவனுக்கு ஒரு சொல்லும் விளங்கக்கூடாது என்று உறுதியாக நின்றேன். இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு பூட்டு. அதன் திறப்பை, அதாவது சாவியை, எப்படிச் செய்வதென்று ரீச்சருக்கு விளக்கினேன்.

“ஞாபகம் வைச்சிருக்கக்கூடிய ஒரு வசனத்தைக் குடுக்கிறம். அதோட கொஞ்சம் உப்புப் போட்டு...”

“உப்போ?”

“ஓம். கூடச் சேர்க்கிற சொல்லுக்குப் பேர் உப்பு. ரெண்டையும் கலந்து திரும்பத் திரும்ப அரைச்சா, ஒருத்தராலயும் ஊகிக்கேலாத நீளமான திறப்பு வரும். ரெண்டு பக்கமும் அதே வசனம், அதே உப்பு, அதே அரைப்பு. அப்பதான் திறபடும்.”

“ஆனையிறவு உப்பெண்டா நல்லம்,” என்றார் ரீச்சர், சிரிக்காமலே.

நானும் பக்கத்து உப்பளத்தின் பெயரை, ‘ஆனையிறவு’ என்றே எழுதினேன்.

எத்தனை தரம் அரைப்பது? கூட அரைத்தால் கள்ளனுக்குக் கூடக் கஷ்டம் என்று படித்திருந்தேன். ஒன்றைப் போட்டு, பின்னால் கை வலிக்கும்வரை பூச்சியங்களை அடுக்கினேன். கிளிநொச்சியில் இருந்த புதுக் கொம்பியூட்டர், நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் திறப்பைத் தந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மத்தியானம் உருத்திரபுரம் போய், அங்கிருந்த கிழட்டுக் கொம்பியூட்டரில் வசனத்தை அடித்தேன். கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி குடித்தேன். கோடு மினுங்கியது. இன்னொரு தேத்தண்ணி. மினுங்கியது. எழுத்துப் பிழையாக்கும் என்று நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பிறகு திரும்பவும் நிறுத்தினேன், திரும்பவும் தொடங்கினேன்.

யோகம்மா மாமி நல்ல சேலை உடுத்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து கதிரையில் இருந்தார். “தம்பி, பிள்ளை எந்தப் பெட்டிக்குள்ள வரும்?”

“இந்தா வந்திடும் மாமி.”

வரவில்லை. பிழை மற்றப் பக்கத்தில்தான் என்று தீர்மானித்து, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் கிளிநொச்சிக்கு மிதித்தேன். (எனக்குக் கைபேசி இருக்கவில்லை, இருந்தாலும் அங்கே அப்போது சிக்னல் இல்லை.) எங்கள் மனேச்சர் சிவா அண்ணை என் கோலத்தைப் பார்த்தார்.

“உந்தப் பூட்டைக் கழட்டிவிடடாப்பா. மனிசி பாவம்.”

“மாட்டன் அண்ணை. பூட்டோடதான் திறப்பன்.”

அங்கே எல்லாம் சரியாக இருந்தது. திரும்ப மிதித்தேன். செம்மண் சட்டையை மூடிவிட்டது. வந்து மறுபடி வசனத்தை அடித்தேன். கோடு மினுங்கியது. மாமி என்னைப் பார்த்தார். ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “நான் இதை விடமாட்டன்!” என்று கத்திவிட்டு, இந்த முறை நிறுத்தக்கூட மறந்து, மறுபடி சைக்கிளில் பாய்ந்தேன்.

பாதி வழியில் ரயர் காற்றுப் போய்விட்டது. தள்ளிக்கொண்டே கிளிநொச்சி போய்ச் சேர்ந்தபோது சிவா அண்ணை வாசலில் நின்று சிரித்தார்.

“அங்க கதை நடக்குதடா. இங்கயிருந்து தெரியுது. நீ ஏன் இங்க நிக்கிறாய்?”

அவருடைய மோட்டார் சைக்கிளைப் பறித்துக்கொண்டு போனேன். உருத்திரபுரத்தில் எல்லாம் முடிந்திருந்தது. மாமி கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

“பேத்தியைப் பாத்திட்டன் தம்பி. அவளுக்கு என்ர மூக்கு! நீர் எங்க போனனீர்?”

“நீங்கள் போய் ஒரு மணித்தியாலத்தால அது தன்பாட்டில திறந்திட்டுது,” என்றார் ரீச்சர். “நீங்கள் இருந்தாத்தானே அதை அரைக்க விடுறியளில்லை.”

அப்போதுதான் என் பூச்சியங்கள் நினைவுக்கு வந்தன. புதுக் கொம்பியூட்டர் ஒரு தேத்தண்ணி நேரத்தில் அரைத்ததை அரைக்க, அந்தக் கிழம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. பாவம், முடிக்கப் போகும் நேரமெல்லாம் நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். உலகத்திலேயே பாதுகாப்பான அந்த இணைப்பின் முதல் உரையாடலைக் காணாத ஒரே ஆள், அதைச் செய்தவன்தான்.

அந்தக் கொம்பியூட்டரும் கட்டடமும் பிறகு வந்த யுத்தத்தில் இல்லாமற் போயின. மதி ரீச்சரை நான் கலியாணம் செய்தேன். பெண் கேட்டுப் போன அன்று அவருடைய அம்மா, “இவர்தானே சைக்கிளில ஓடித்திரிஞ்ச பொடியன்?” என்று கேட்டாராம்.

இப்போது வவுனியாவில் இருக்கிறோம். அடுப்பில் இடியப்பம் அவியும்போது நான் பொறுக்கமாட்டாமல் மூடியைத் தொட்டால் போதும், குசினிக்குள் மனைவி வாயைத் திறக்க முதலே மகள் சொல்லிவிடுவாள்:

“அப்பா, நீங்கள் ஒருக்காக் கிளிநொச்சிக்குப் போயிட்டு வாங்கோ.”