குடும்பத் தலைவரின் சுண்டுவிரல் நகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மாட்டுங்கா லேபர் கேம்பில் பிளக் சாமியின் தகரக் கொட்டகை முன்னால் நின்றவர்கள்: தாராவி பூலோகம், அவர் மனைவி செண்பகவல்லி, வாடகைக் கார் ஓட்டும் மகன் மாரிசெல்வம், கல்யாணமாகிப் புதிதாக வந்த மருமகள் ஷாலினி, சாமியின் புகழைச் சம்பளம் இல்லாமல் பரப்பும் பூதத்தான். இவர்களைத் தவிர ஊர்ப்பட்ட கார்களும் ஆட்டோக்களும். வண்டிகளின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தில் ஏமாறாமல் நின்றவை அவை மட்டும்தான்.

"செம்பூர்க்காரன் ஒருத்தன் வண்டி மூணு மெக்கானிக் பாத்தும் கிளம்பல. சாமி கை வச்சாரு. விமானம் மாதிரி போவுது!" என்றார் பூதத்தான்.

"பறந்துட்டா வே?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"நீரு நம்பாட்டா கிளம்பும். வரிசை குறையும்."

வரிசை குறையவில்லை.

சாமி என்றால் யாரோ எவரோ அல்ல. சயான் சிக்னலில் சனிக்கிழமைதோறும் வண்டிகளுக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டி விற்றுக்கொண்டிருந்த சுடலைக்கண்ணன்தான். வண்டிக்கு வெளியே கட்டுவதைவிட உள்ளே கை விடுவதில் வருமானம் அதிகம் என்று ஒரு நாள் அவருக்கு ஞானம் பிறந்தது. ஊரில் வயிற்றிலிருந்து வசிய மருந்து எடுப்பார்கள் அல்லவா? இவர் எஞ்சினிலிருந்து எடுத்தார்.

முறை இதுதான். வண்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது; சாமிக்கே தெரியும். பேனட்டை லேசாகத் தூக்கி, மேலே சிவப்புத் துணியைப் போர்த்துவார். கண்ணை மூடிக்கொண்டு துணிக்கடியில் இரண்டு கையையும் விடுவார். உடம்பு ஆடும். உடுக்குச் சத்தம் ஒலிபெருக்கியில் வரும். பிறகு "வந்துட்டா!" என்று ஒரு கத்தல். கையில் கரி பிடித்த ஸ்பார்க் பிளக் ஒன்று இருக்கும். அதில் நீளத் தலைமுடி சுற்றியிருக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அதற்குப் பின் புதுப் பிளக் தருவார். அதையும் சும்மா தரமாட்டார். சிம்ம ராசிக்காரனுக்குச் சூட்டுப் பிளக், கடகத்துக்குக் குளிர்ப் பிளக். பிளக்கின் வளைந்த முனைக்கும் நடுக்கம்பிக்கும் இடையே ஒரு சின்னச் சந்து உண்டு. பொறி அதில்தான் பறக்கும். கேப் என்பது அதுதான். அந்தக் கேப்பைச் சாமி குடும்பத் தலைவரின் சுண்டுவிரல் நகத்தை நுழைத்துப் பார்த்து வைப்பார். நகத்தின் கனம்தான் கேப்பின் கனம்.

போன முறை வந்தபோது பூலோகத்தின் நகத்தைப் பார்த்துச் சாமியே அசந்துபோனார். தாராவித் தோல் பட்டறையில் ஆயுசெல்லாம் வேலை பார்த்த விரல். நகம் ஆமை ஓடு மாதிரி இருக்கும்.

"ராஜ நகம்! இந்த வம்சத்துக்கு இனிமே இறக்கமே கிடையாது!" என்றார் சாமி.

பூலோகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அது சாதாரணமாகவே நிமிர்ந்துதான் இருக்கும்; அன்று கூடுதல். அன்றிலிருந்து அந்த நகத்தை அவர் வெட்டவில்லை. சாம்பாரில்கூட அந்த விரலை நனைக்கவில்லை.

வம்சம் இறங்கவில்லை, சரிதான். ஆனால் வண்டி ஏறவும் இல்லை. முன்பு எப்போதாவது திணறிய கார், ராஜ நகப் பிளக் போட்ட பிறகு சயான் மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் மலேரியா வந்தவன்போல் உதறியது. சவாரிக்காரர்கள் பாதியில் இறங்கினார்கள். அதனால்தான் குடும்பத்தோடு இரண்டாம் முறை வந்திருந்தார்கள்.

சாமி துணியைப் போர்த்தினார், ஆடினார், கத்தினார். இந்த முறை பிளக்கில் முடி இன்னும் நீளமாக இருந்தது.

"பிளக்குல குத்தமில்ல. உம்ம நகத்துலயும் குத்தமில்ல அண்ணாச்சி" என்றார். பிறகு குரலை இறக்காமல், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "வீட்டுக்குப் புதுசா வந்த பொம்பள யாரு?" என்றார்.

எல்லாக் கண்களும் ஷாலினி மேல் திரும்பின.

"இவ கால் வச்ச நேரம். ஆறு மாசம் தாய் வீட்டுல இருக்கட்டும். பொறி தானா வரும்."

செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கோவண்டியிலதான் தாய் வீடு. இன்னைக்கே கொண்டு விட்டுருதோம் சாமி."

ஷாலினி அழவில்லை. பிளக்கை எட்டிப் பார்த்தாள். "மாமா, என் முடி தோள் வரைக்கும்தான். இது முழங்கை நீளத்துக்கு இருக்கே. என்னோட துரதிர்ஷ்டம் மட்டும் தனியா முடி வளக்குதா?"

யாரோ சிரித்தார்கள். பூலோகம் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது. தன் வீட்டுப் பெண்ணை ராசியில்லாதவள் என்று நடுத்தெருவில் ஒருவன் சொல்லிவிட்டான். அதைப் பூதத்தான் வேறு கேட்டுவிட்டார். பூதத்தான் கேட்டால் தாராவி கேட்ட மாதிரி.

வீட்டில் செண்பகவல்லி மருமகளின் துணிகளைப் பைக்குள் திணித்தாள். பூலோகம் அந்தப் பையைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்தார்.

"அப்ப வண்டி?" என்றாள் செண்பகவல்லி.

"வண்டி என் வீட்டுக்கு மருமவளா வரல. இவதான் வந்தா."

"மாமா" என்றாள் ஷாலினி, "கலீலுல்லா பாய்கிட்ட ஒருக்கா காட்டலாமா?"

கலீலுல்லா சாமியின் கொட்டகை இருக்கும் தெரு முனையிலேயே கேரேஜ் வைத்திருப்பவர். சாமி வந்த பிறகு அங்கே ஈ ஓட்டவும் ஆள் இல்லை. அவர் பிளக்கைக் கழற்றினார். அதன் கேப்புக்குள் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தார். எல்லாம் லூஸாகப் போய் வந்தன.

"யா அல்லா! இந்த கேப்புல எலி போவும் அண்ணாச்சி. யாரு வச்சது?"

பூலோகம் சுண்டுவிரலை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இது கேஸ்ல ஓடுத வண்டி. கேஸைப் பத்த வைக்க கரண்ட் ஜாஸ்தி வேணும். சந்து பெருசா இருந்தா பொறி தாண்டாது. காடி உதறத்தான் செய்யும். எந்த நம்பர் பிளக், எவ்வளவு கேப், எல்லாம் எஞ்சினைச் செஞ்சவன் சொல்லியிருக்கான். கேஸுக்கு இன்னும் கொஞ்சம் குறைக்கணும். அவ்வளவுதான்."

"சூட்டுப் பிளக், குளிர்ப் பிளக்னு சொல்லுதது பொய்யா பாய்?" என்றான் மாரிசெல்வம். அவன் சிம்ம ராசி.

"பொய் இல்ல. ரெண்டும் உண்டு. எஞ்சின் சூட்டுக்குத் தக்கனதான் பிளக் போடணும். நீ எந்த மாசம் பொறந்தேன்னு எஞ்சினுக்கு என்ன கவலை?"

சரியான நம்பர் பிளக்கைச் சரியான கேப்பில் போட்டார். கார் மேம்பாலத்தில் முனகாமல் ஏறி இறங்கியது. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஷாலினியின் மேல் விழுந்த பேச்சு அப்படியே இருந்தது. கோவண்டியிலிருந்து அவள் அம்மா போன் செய்து அழுதாள். "எவனோ சொன்னதுக்கு ஏன் அழுதே?" என்று ஷாலினி அவளைத் தேற்றிவிட்டு, போனை வைத்ததும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவள் கேட்டாள்: "மாமா, ஸ்பார்க் பிளக்கே இல்லாத வண்டியக் கொண்டு போனா அவரு எதை எடுப்பாரு?"

பூலோகம் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டையை மாட்டினார்.

அடுத்த ஞாயிறு, கலீலுல்லாவின் வெள்ளைக் காரை லேபர் கேம்புக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்ரோல் எஞ்சினோடும் வரும், டீசல் எஞ்சினோடும் வரும் ரகம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாரிசெல்வம் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தான். கஞ்சி போட்ட வேட்டியோடு பின்னால் தள்ளியவர் பூலோகம். வாழ்நாளில் பொய் சொல்லாதவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதற்கு ஆபத்து வருமோ என்று வழியெல்லாம் கவலை. நல்ல வேளையாக, வண்டியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது சாமியே போட்ட சட்டம்.

"வேற வண்டியா? இதையும் பிடிச்சிட்டாளா?" என்றார் சாமி, ஷாலினியைப் பார்த்து. துணி போர்த்தினார். கண்ணை மூடினார். உடுக்கு முழங்கியது.

"வந்துட்டா!"

கரிப் பிளக். முடி.

"கழட்டியாச்சா சாமி?" என்று கேட்டார் பூலோகம்.

"வேரோட பிடுங்கியாச்சு!"

"அப்ப இது இல்லாம வண்டி ஓடாதுல்லா?"

"எப்படி ஓடும்? உசுரே என் கையிலதான இருக்கு."

"ஏல மாரி, சாவியத் திருப்பு."

கடகடவென்று எஞ்சின் உறுமியது. உடுக்குச் சத்தம் அதற்குள் அமுங்கிப்போனது. சாமி கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி அது இல்லாமலே புகை விட்டது.

"டீசல் வண்டி சாமி" என்றாள் ஷாலினி. "இதுல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. உங்க கையில இருக்கது எங்கேருந்து வந்துச்சு?"

சாமி விழித்தார். "டீசலுக்கும் பிளக் உண்டு! எனக்குத் தெரியாதா?"

"உண்டு" என்றார் கூட்டத்திலிருந்து கலீலுல்லா. "அது சூடாக்குத பிளக். அதுல பொறியும் கிடையாது, கேப்பும் கிடையாது. உம்ம கையில இருக்கதுல முனை வளைஞ்சு நிக்கே, அது என்ன?"

சாமி அவசரமாகப் பின்வாங்கினார். இடுப்பு மடி அவிழ்ந்தது. சிமெண்டுத் தரையில் டங் டங்கென்று பிளக்குகள் விழுந்து உருண்டன. எல்லாம் கரி பூசி, முடி சுற்றி, அன்றைய வரிசைக்குத் தயாராக இருந்தன. செண்பகவல்லி குனிந்து ஒன்றை எடுத்தாள். முடியை விரலால் உருவினாள். அவள் முகம் மாறியது.

"அட பாவி! இது சவுரில்லா! நான் தலையில வச்சிருக்கதும் இதேதான்!"

பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை, வீடு வந்து சேரும் வரை விடவும் இல்லை.

அன்று மதியம் ஷாலினி மாமனாரின் தட்டுக்குப் பக்கத்தில் நகவெட்டியை வைத்தாள். ராஜ நகத்தை வெட்ட அது போதவில்லை. கலீலுல்லாவின் கேரேஜிலிருந்து அரம் வாங்கி வர வேண்டியிருந்தது.

இப்போது பூதத்தான் வேறொன்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம்: பிளக்கே இல்லாத டீசல் வண்டியிலிருந்து பிளக் வரவழைத்தார் என்றால் சாமிக்கு எவ்வளவு சக்தி இருக்க வேண்டும் என்று. செம்பூரில் புதுக் கொட்டகை போடப்போவதாகவும், அதற்கு இப்போதே வரிசை நிற்பதாகவும் கேள்வி.

அது உண்மையல்ல. பிளக் எஞ்சினிலிருந்து வரவில்லை, மடியிலிருந்து வந்தது. அதைப் பார்க்கச் சக்தி வேண்டாம், கண் போதும். அந்தக் கண்ணுக்கு மேலே மண்டைக்குள் ஒன்று இருக்கிறதே, வரிசையில் நிற்பவர்கள் அதையும் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும்.