சோப்பு டப்பா சாரும் எல்லோர் மேலும் இருக்கும் கிருமியும்

பிள்ளையாருக்கு உடைக்கும் சிதறு தேங்காயைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடைத்த மனிதர் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் சோப்பு டப்பா சார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நீல டப்பா ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கொரோனா வந்து ஊரே நடுங்கியபோது, "இப்பத்தான் ஜனங்களுக்குப் புத்தி வந்திருக்குது" என்று சந்தோஷப்பட்டார்.

யாரோடும் கை குலுக்க மாட்டார். ஒருமுறை மேலதிகாரி கை நீட்ட, இவர் பதறிப்போய் இரண்டு கையாலும் கும்பிட்டார். கையில் டீ டம்ளர் இருந்தது ஞாபகமில்லை. அதிகாரியின் ஷூவெல்லாம் டீ.

ஆபீஸ் டூர் ஒகேனக்கல் போனோம். எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளாமல் அருவியில் நின்றால் அது ஒகேனக்கல்லே இல்லை. சார் எண்ணெயை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். மசாஜ்காரரைக் கை கழுவ வைத்தார். திரும்பவும் கழுவ வைத்தார்.

"இன்னொரு வாட்டி கழுவுனா கைரேகையே அழிஞ்சிருமுங்க சார்" என்றவரின் விரல், சாரின் காதுக்குப் பின்னால் போய் நின்றது. "இங்க ஒரு கட்டி இருக்குதுங்களே. அமுக்குனா வலிக்குதுங்களா?"

"வலிக்கல. கொசு கடிச்சிருக்கும், நீ தேய்."

வலிக்காத கட்டிக்கு எதற்கு டாக்டர்? தோலில் எது வந்தாலும் சரியாகக் கழுவாததால் வந்தது என்பது அவர் கட்சி. காலையும் மாலையும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பட்டாணியாக இருந்தது சில வாரங்களில் நெல்லிக்காயானது. கழுத்தில் நெறி கட்டியது. சதை எடுத்துச் சோதித்து, அபூர்வமான தோல் புற்றுநோய் என்றார்கள். ஒரு வைரஸுக்கும் அதில் பங்கு உண்டாம்.

புற்றுநோய் என்றதைத் தாங்கிக்கொண்டவர் வைரஸ் என்றதும் ஆடிப்போனார். தனித் தட்டு, தனி அறை. மகளுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது, முதல் பேத்தி. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்.

"ஒரு வாட்டி தூக்குங்கப்பா" என்று மகள் கெஞ்சினாள்.

"வேணாம்மா. இப்ப நானே கிருமி."

 அவரைச் சேலத்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"யார்கிட்ட இருந்துங்க எனக்கு ஒட்டுச்சு?" என்றார் சார்.

"யாரைன்னு சொல்றதுங்க? முக்காவாசிப் பேர் தோல்ல அது சின்ன வயசுலயே வந்து உக்காந்துக்கும். என் மேல இருக்கும், இவர் மேலயும் இருக்கும். ஒண்ணும் பண்ணாது. ரொம்ப அபூர்வமா யாராவது ஒருத்தருக்கு, செல்லுக்குள்ள போய் உடைஞ்சு அதோட மரபணுவுலயே சிக்கிக்கும். செல் கண்டபடி பெருகாம புடிச்சு வைக்கிற பிரேக்கைப் புடுங்கிடும்."

"தொப்பூர் எறக்கத்துல பிரேக் போன லாரியாட்டம்" என்றேன்.

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போண்டா தின்னுட்டு பேன்ட்ல தொடைக்கிற ஆளு இவன். இவன் மேலயும் அதே கிருமி. இவன் கல்லுக்குண்டாட்டம் இருக்கறான்!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கழுவாததால வந்ததில்லீங்க. கழுவியிருந்தாலும் போயிருக்காது. உங்க தப்பு எதுவுமே இல்ல."

"அப்ப பேத்தியத் தூக்கலாமுங்களா?" என்றார் சார்.

"தாராளமா தூக்குங்க. புற்றுநோய் தொட்டா ஒட்டாது. அந்த வைரஸ் பாப்பாவுக்கும் என்னைக்காவது, யார்கிட்ட இருந்தாவது வரத்தான் போவுது. வந்து சும்மா கெடக்கும்."

ஆபரேஷன் செய்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் அதற்குள் உள்ளே பரவியிருந்தது. போன தை மாதம் சார் போய்விட்டார். என்னை அவ்வளவு திட்டியவர் யாருமில்லை. அவர் திட்டாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே பேத்தியைத் தூக்கினார். மூச்சுக்கூட விடாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். குழந்தை அவர் சட்டையெல்லாம் நனையும்படி மூத்திரம் போனது. மகள் பதறிக்கொண்டு வாங்க ஓடிவந்தாள்.

"வுடும்மா, இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிக்கறேன்" என்றார்.

நீங்களும் எங்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், சார்.