கூரையில் புது ஏரியல்

"இப்பக் கேக்குதோ?"

"கத்தாதேங்கோப்பா. போன் இல்லாமலே கேக்குது."

நான் மாடி வராந்தாவில். என் மனைவி வள்ளிநாயகி கீழே சமையலறையில். கெலுகோரில் என் தகப்பனார் கட்டிய வீடு. சிறைச்சாலைக்குக் கட்டியதுபோல் ஒவ்வொரு சுவரும் அவ்வளவு தடிப்பு. முன்பு வாங்கிய கோர்ட்லெஸ் போன் சாப்பாட்டறையைத் தாண்டினால் செத்துப்போகும். அதை ஒதுக்கிவிட்டு, ஷேக் அலாவுதீன் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். கூரையில் ஏரியல், கையில் பிடிக்க இரண்டு போன். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பேசலாம்.

"வீடு மட்டுமில்ல அண்ணே, ரோடு வரைக்கும் கேக்கும்லா," என்றார் ஷேக்.

"அவர் சொன்னார், நீங்கள் வாங்கினியள்," என்றாள் வள்ளிநாயகி.

அன்று பின்சந்தில் என் மைத்துனன் ஆனந்தராஜா வீட்டில் பொன்னுருக்கல். அவன் மகன் கட்டப்போகும் தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. நான் போவதாக இல்லை. கவர்னர் கையால் நான் வாங்கிய பி.ஜே.கே. பட்டத்தைக் கல்யாணக் கார்டில் என் பெயருக்குப் பின்னால் போடாமல் விட்டிருந்தான். இனி அவன் வாசற்படியை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். வள்ளிநாயகிக்கு அவன் ஒரே தம்பி. புருஷன் இல்லாமல் தனியாகப் போய் நின்றால் சனம் என்ன சொல்லும் என்று அழுதாள். நேற்று அழுகையை நிறுத்தினாள். வென்றுவிட்டதாக நினைத்தேன்.

"வீட்டுக்குள்ள கேக்கிறது பெரிய காரியமோ? வெளியால போய்ப் பாருங்கோ," என்றாள்.

கைலியும் பனியனுமாக முன் தோட்டத்துக்குப் போனேன்.

"ரம்புத்தான் மரத்தடியில நிக்கிறன். கேக்குதோ?"

"கேக்குது. கொஞ்சம் பொறுங்கோ, பால் பொங்குது."

பொறுத்தேன். பால் வெகுநேரம் பொங்கியது. கடைசியில் குரல் வந்தது.

"இப்ப ஒரே இரைச்சல். ஷேக் உங்களை நல்லா ஏமாத்திப்போட்டார்."

மானப் பிரச்சினை. "எங்க நிண்டால் கேக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? கேற்றைத் தாண்டிப் பாருங்கோ. போன்ல சிவப்பு லைட் எரியுதோ?"

"எரியுது."

"அதையே பாத்துக்கொண்டு நடவுங்கோ. இடப்பக்கம்... ஐயோ, போச்சு, போச்சு!"

பதறி வலப்பக்கம் திரும்பினேன்.

"வந்திட்டுது. அப்பிடியே சந்துக்குள்ள திரும்புங்கோ."

சந்தில் பக்கத்து வீட்டு நோர்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள்.

"லைன்," என்றேன், நிமிராமல்.

"இப்பத் தண்ணி மாதிரிக் கேக்குது. இன்னும் கொஞ்சம்."

"இன்னும் நடந்தால் யூனிவர்சிட்டி வந்திடும்."

"அவ்வளவுக்கு இல்லைலா."

"அங்க என்ன சங்குச் சத்தம்?"

"ரேடியோ. லைட்டைப் பாருங்கோ."

பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. ஷேக் நல்ல மனிதர்.

"சரி, நில்லுங்கோ. இப்ப எப்பிடி?"

இரண்டு காதிலும் கேட்டது. ஒன்றில் போன் வழியாக. மற்றதில் நேராக.

நிமிர்ந்தேன். ஆனந்தராஜா வீட்டு வாசலில் பட்டுச்சேலையில் வள்ளிநாயகி, கையில் மற்றப் போன். உள்ளே சொந்தக்காரர் எல்லாரும் என் பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரி அடுப்பின் முன்னால் காத்திருந்தார். முன்னறைக் கதவில் என் வேட்டியும் சட்டையும் அயர்ன் பண்ணித் தொங்கின.

"அத்தான் வந்திட்டார், தொடங்குங்கோ!" என்றான் ஆனந்தராஜா.

போனை வாயருகே கொண்டுபோனேன். "நான் படி மிதிக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன்."

அவளும் போனிலேயே சொன்னாள். "ஆர் மிதிக்கச் சொன்னது? நல்ல நேரம் போகுது. தாண்டி வாங்கோ."

செருப்பைக் கழற்றி, மற்றச் செருப்புகளோடு சேர்த்து வைத்தேன்.