நேர்கோடும் என் வண்டியின் மஞ்சள் விளக்கும்

தஞ்சாவூர் ஜில்லாவில் நேராக இருக்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் நேர்கோடு. பெரிய கோயில் விமானத்துக்கு மட்டும், பல வருஷம் பல பக்கம் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்று பாஸ் மார்க் போட்டிருந்தார். பாக்கி எல்லாம் கோணல்.

பைபாஸ் ஓரம் வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அது அவருடைய லுத்தரன் கோயில் பாஸ்டருக்குத் தெரியும். ஊருக்கு அவர் நேர்கோடு. அவருடைய மனைவிகூட ஃபோனில் "நேர்கோடு வீட்டம்மா பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் உச்சத்தில் இருந்தபோது இவர் எழுந்து விறுவிறுவென்று முன்னால் போனாராம். மனம் திரும்பிவிட்டார் என்று சபை நெகிழ்ந்தது. இவர் சுவரில் தொங்கிய, அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகளின் எண் பலகையை நிமிர்த்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க ஐயா" என்று பாஸ்டருக்கு அனுமதியும் கொடுத்தார். இன்னொரு முறை கல்யாண மேடையில் மொய்க் கவரை நீட்டிக்கொண்டே மாப்பிள்ளையிடம், "தம்பி, வலது தோள் ரெண்டு டிகிரி எறங்கியிருக்கு" என்று சொல்லி, அதைச் சரிசெய்ய அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் கல்யாண ஆல்பத்தை நானே பார்த்தேன். பதினொரு படங்களில் இருக்கிறார். பெண்ணின் அப்பா ஒன்பதில்.

இப்படிப்பட்டவரிடம் போன வருஷம் பங்குனியில் நான் போய் மாட்டினேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் புது வண்டி வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்திருந்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. மலை ஏறுவதற்கென்றே செய்தது. தஞ்சாவூரில் அது ஏறக்கூடிய ஒரே மலை ரயில்வே மேம்பாலம். அதில் வாரம் இரண்டு முறை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் உளுந்து அறுவடையானால் காயைக் கொடியோடு கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். யாரும் மறுத்ததில்லை. திருவையாற்றுப் பக்கம் அப்படி ஓர் உளுந்தை மிதிக்கப்போய், என் வண்டி வழுக்கி மதகுச் சுவரில் மோதியது. ஸ்டியரிங்குக்குக் கீழே எதெதுவோ வளைந்துவிட்டது. வேறொரு பட்டறையில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அன்றுமுதல் எதிரே ஒரு மஞ்சள் விளக்கு. வழுக்கும் கார் படம் போட்ட விளக்கு. சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு படுத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமாம்.

மகன் ஃபோனில் வந்தான். "அப்பா, சித்திரை ஒண்ணாம் தேதி வரேன். அதுக்குள்ள அந்த லைட் அணையலைன்னா சாவியை நான் எடுத்துட்டுப் போயிடுவேன். உங்களுக்கு எழுபத்தாறு ஆயிடுச்சு."

"எழுபத்தஞ்சரை."

"இதெல்லாம் கரெக்டா எண்ணத் தெரியுது. மதகு மட்டும் கண்ணுக்குத் தெரியலை."

சாவி போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். மருந்துக் கடைக்கு ஒரு ஆளைக் கெஞ்ச வேண்டும், நூலகத்துக்கு ஒரு ஆளை. பிறகு யாரையும் கெஞ்சப் பிடிக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்து மின்விசிறி இறக்கைகளை எண்ண வேண்டும். அவை மூன்றுதான். என் மனைவியோ, "இப்படி அணையாம எரியுற வெளக்கு, கோயிலுக்காவது குடுத்திருக்கலாம்" என்றாள்.

நேர்கோடு வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகத்தில் துக்கம் விசாரிக்கிற களை.

"சார், ரோட்டுல நேராப் போவுது. ஸ்டியரிங் இடது பக்கம் பாக்குது. உள்ள ஒரு சென்சார் இருக்கு, அது ஸ்டியரிங்கை மட்டுந்தான் நம்பும். 'ஐயா இடது பக்கம் திருப்புறாரு'ங்குது. சக்கரமெல்லாம் 'இல்லவே இல்ல, நேராத்தான் உருளுறோம்'ங்குது. வீட்டுல புருஷன் ஒண்ணு பொண்டாட்டி ஒண்ணு சொன்னா நடுவுல இருக்கறவன் என்ன பண்ணுவான்? வெளக்கைப் போட்டுட்டு ஒதுங்கிக்குவான்."

"ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி நேரா மாட்டிடுங்களேன்" என்றேன்.

நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "மூக்கு கோணல்னா கண்ணாடியை வளைக்கச் சொல்றீங்க. படிச்சவங்க நீங்க."

பிறகு முறையாகத்தான் எல்லாம் செய்தார். நாலு டயருக்கும் ஒரே அளவு காற்று வைத்தார். சக்கரங்களின் கோணத்தைத் திருத்தி, ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்தார். கடைசியில் ஸ்கேனரை மாட்டி, இதுதான் நேர் என்று அந்த சென்சாருக்குச் சொல்லிக் கொடுத்தார். விளக்கு அணைந்தது. நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மேம்பாலத்தில் ஏறுவதற்குள் மறுபடி எரிந்தது.

திரும்பிப் போனேன். இந்தமுறை ஸ்கேனர் வேறு பாட்டுப் பாடியது: வலது பின்சக்கரத்திலிருந்து தகவல் வரவில்லை. நேர்கோடு அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்னாடி ஸ்டியரிங்ல கை வெச்சா பின்னாடி சக்கரம் ஏன் அழுவணும்? பொய் சொல்லுது சார்." ஸ்கேனரை அணைத்து மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார். "இதுக்கு என் பட்டறையில சொன்ன நேர் பத்தலை. ரோட்டுல ஓட்டிக் காட்டணும். நேரா ஒரு ரோடு வேணும்."

காவிரிப் பாசனத்தில் வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று தெரியும். இங்கே முதலில் வந்தது ஆறு. ஆற்றைப் பார்த்து வாய்க்கால் வளைந்தது, வாய்க்காலைப் பார்த்து ரோடு. பைபாஸ் நேர்தான். ஆனால் அதில் எதிர்ப்பக்கமாக வந்த டிராக்டர்களுக்கும் ஆடுகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, ஸ்டியரிங்கைக் கால் நிமிஷம் நேராகப் பிடிக்க முடியவில்லை. திருவையாற்றுக்குப் போகும் வழியில் ஐந்து ஆறுகள், ஐந்து பாலங்கள். பாலங்கள் நேர். ஆனால் வண்டி வேகம் எடுப்பதற்குள் பாலம் முடிந்து வளைவு வந்துவிடும். நாலு நாள் இப்படி அலைந்தோம். சித்திரைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது நேர்கோடு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எங்க ஊரை மறந்துட்டேன் பாருங்க! நம்ம காவிரிக் கரைக் குத்தாலத்துப் பக்கம். எங்க கோயில் வாசல்லேருந்து மெயின் ரோடு வரைக்கும் ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கும்."

புறப்பட்டோம். வழியெல்லாம் எனக்கு அர்ச்சனை.

"சார், இடது பக்கம் இழுக்குது."

"வண்டியா?"

"வண்டி இல்ல. நீங்க."

ஒவ்வொரு பாலத்திலும் இதையே சொன்னார். கடைசியில் பொறுக்க முடியாமல், "இடது பக்கம் அப்படி என்னத்தத்தான் சார் பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"கைப்பிடிச் சுவர்த் தூணை எண்ணறேன்."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"கண்ணு போற பக்கந்தான் சார் கையும் போவும்" என்றார். "மதகுலயும் எதையாச்சும் எண்ணிக்கிட்டுத்தான் போனீங்களா?"

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கினேன்.

அவர் ஊர் ரோடு நேர்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை நேர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை உளுந்து. இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பரப்பியிருந்தது. துடைப்பத்தோடு நின்ற ஓர் அம்மாள் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாங்க வாங்க! பெரிய டயரு! நாலு தடவை போய்ட்டு வாங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நாங்கள் எங்கள் சென்சாருக்காகப் போனோம், வந்தோம். அவர் தன் உளுந்துக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கு அசையவில்லை. மூன்றாவது முறை கடக்கும்போது அம்மாள் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"நிறுத்துங்க! மிதிக்கச் சொன்னா அள்ளிக்கிட்டுப் போறீங்களே! பின்னாடி சக்கரத்தைப் பாருங்க!"

வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் உளுந்துக் கொடி ஒரு சடை போலச் சுற்றியிருந்தது. நேர்கோடு வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்து உருவினார். முதலில் இன்றைய கொடி வந்தது. அம்மாள் அதைப் பிடுங்கி உதறி, காயைச் சேர்த்துக்கொண்டார். அதற்கும் உள்ளே இருந்து இன்னொன்று வந்தது. கறுத்து, காய்ந்து, கயிறாக முறுக்கிக்கொண்டது. சென்சார் ஒயரை இழுத்துச் சொருகியிலிருந்து பாதி பிடுங்கி வைத்திருந்தது அதுதான். அம்மாள் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இது எங்களுது இல்லிங்க. பழசு. வேற ஊரு உளுந்து" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். திருவையாற்று உளுந்து, ஒரு மாதமாக எங்களோடு ஊர் சுற்றியிருக்கிறது.

வண்டிக்கு அடியில் நேர்கோடு அந்த ஒயரைத் தடவிப் பார்த்தார். பிறகு குரல் வந்தது. "சார், அந்த ஸ்கேனர் எந்தச் சக்கரம்னு சொல்லுச்சு?"

"வலது பின்சக்கரம்."

"பாத்தீங்களா? நேர் ரோட்டுக்கு வந்ததும் அது சொன்னது கரெக்டாயிடுச்சு."

ஒயரைச் சொருகி, ஒதுக்கிக் கட்டினார். திரும்பும் வழியில், மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு அணைந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் எரிந்துவிடுமோ என்று பயம்.

மகன் வந்தான். அவனே ஓட்டிப் பார்த்தான், குறை இல்லை. ஆனாலும் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போய் நின்றான்.

"அண்ணே, வண்டி சரியாயிடுச்சு. அப்பா எப்படி ஓட்டறாரு? நீங்கதான் கூடவே போனீங்க, உண்மையைச் சொல்லுங்க."

கல்யாண மேடையில் மாப்பிள்ளையை விடாதவர். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போனவர். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களை எண்ண ஆரம்பித்தேன்.

நேர்கோடு துணியால் கையைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"கோடு போட்ட மாதிரி ஓட்டறாரு தம்பி."

மகன் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் நேர்கோடு என் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"சார், இனிமே தூணை எண்ணாதீங்க. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. இன்னொரு தடவை வராது."

இப்போது அவர் ஊரில் இல்லை. மகள் குடும்பத்தோடு இருக்க சண்டிகர் போய்விட்டார். போன வாரம் ஃபோனில் பேசும்போது குரலில் சுரத்தே இல்லை. "எல்லா ரோடும் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேரா இருக்கு சார். நமக்கு இங்க என்ன வேலை?" என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். திருவையாற்றுக்குப் போய்வருகிறீர்களா என்று கேட்டார்.

போய்வருகிறேன். வழியில் ஐந்து பாலங்கள். அவற்றில் தூண்கள் எத்தனை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.