திப்ருகரிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு நேரம்?

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் விமானத்தில் எவ்வளவு நேரமாகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுகிற, ஆனால் ஒரு தடவைகூட விமானம் ஏறாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸில் இருந்தார். விமான நிலையமே இல்லாத திருவண்ணாமலையில் அவருக்குப் பெயர் ‘ஏர்போர்ட் சார்’.

வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் ஆபீஸில் என் பக்கத்து மேஜை அவருடையது. பட்டா மாற்ற வருகிறவரிடம் மனுவை வாங்கும் முன், “பையன் எங்க வேல பாக்குறான்?” என்பார். துபாய் என்றால் தீர்ந்தது. தூரம், நேரம், எந்தக் கடலுக்கு மேல் பறக்கும் என்பது வரை சொன்ன பிறகுதான் மனுவைத் தொடுவார். கிரிவலத்தில் கால் வலித்து, அடி அண்ணாமலையில் உட்கார்ந்துவிட்ட ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் ஊருக்கான கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைக்காரர் எழுந்து வேகமாக நடந்துவிட்டார்.

போன தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அசாமில் ராணுவ வேலை. சொந்த ஊர் திருச்சி. திப்ருகரில் விமானம் ஏறி, திருச்சி வீட்டில் சாமி கும்பிட்டு, குடும்பத்தோடு வேனில் திருவண்ணாமலை வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். வியாழன் காலை கிளம்புகிறேன் என்றார்.

“என்னாத்துக்கு வியாழக்கெழம?” ஏர்போர்ட் சார் பேனாவைக் கீழே வைத்தார்.

“மூணர மணி நேரம்தான்னு போன்ல போட்டிருக்கு சார்.”

“அது கருடன் பறக்குற கணக்கு. மாப்ள என்னா கருடனா? ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருங்க. கல்கத்தாவுல ஒரு தடவ, சென்னையில ஒரு தடவ பிளேன் மாறணும். பன்னெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆவாது. பனி வேற ஜாஸ்தி. புதன்கெழமையே கெளம்பச் சொல்லுங்க!”

நான் சிரித்தேன். அவர் என்னிடம் நம்பரை வாங்கி மாப்பிள்ளைக்கே போன் போட்டார். தினமும் போட்டார். தொல்லை தாங்காமல் மாப்பிள்ளை ஒருநாள் கூடுதலாக லீவு கேட்டு, டிக்கெட்டைப் புதனுக்கு மாற்றினார்.

புதன்கிழமை பனியில் விமானம் கிளம்பவே மத்தியானம் ஆனது. கல்கத்தாவில் அடுத்த விமானம் போய்விட்டது. மாப்பிள்ளை அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

வியாழன் காலை மண்டபத்தில் தங்கை இட்லியைத் தொடவில்லை. ஏர்போர்ட் சார் கையில் போனோடு விமானத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். திடீரென்று மைக்செட்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“மாப்ள இப்ப விசாகப்பட்டினத்துக்கு மேல வந்துட்டாரு! யாரும் பயப்படாதீங்க!”

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். நெல்லூருக்கு விசிலே அடித்தார்கள். தங்கை சிரித்துவிட்டு இலையை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. இறங்கிய மாப்பிள்ளை, “இன்னிக்கு திப்ருகர்ல பனியில ஒரு பிளேனும் கெளம்பலியாம் மச்சான்” என்றார். பழைய டிக்கெட்டிலேயே வந்திருந்தால் அவர் இன்னும் அங்கேதான் நின்றிருப்பார்.

“ஏர்போர்ட் சார் யாருங்க?” என்று அவர் தேடினார்.

காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாத மனிதர் கூட்டத்தை விலக்கி வந்து, “பத்திரமா வந்துட்டீங்களா?” என்று மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வேறு கணக்கு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அண்ணன் என்று என் பெயரை மட்டும்தான் போட்டிருந்தோம். இன்னொரு பெயர் விட்டுப்போனது என் தப்புதான்.