ரோமாபுரிக்குத் திருத்தவேலை

ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தின் முந்நூறு ஆண்டுப் பெருமையும் கனடாவின் ஸ்காபரோவில் ஒரே இடத்தில் இறங்கிக் குடியேறியிருந்தது: இக்னேசியசின் வலது தோள்மூட்டில். பத்து நாளாக ஏணியில் நின்று கையை உயர்த்தியே பிடித்ததில், இப்போது தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவும் அவர் இடது கையைத்தான் கேட்கவேண்டியிருந்தது.

இந்தப் பெருமைக்குக் காரணகர்த்தா அமிர்தநாதர். அங்கே ஒரு கல்யாண மண்டபத்துக்கு முதலாளி. இக்னேசியஸ் வாடகைக்கு இருக்கும் பேஸ்மெண்டுக்கும் அவரே முதலாளி. அங்கே மேல்வீட்டு பைப் ஒழுகி, மகள் ஸ்டெபனியின் கட்டிலுக்கு நேர்மேலே சீலிங் இடிந்து விழுந்திருந்தது. பிள்ளை கால்மாட்டில் பேசின் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அமிர்தநாதரோ ரோமாபுரிக்கு யாத்திரை போய்ப் பாவமன்னிப்பும் பெற்று, கூடவே 'கலாரசனை'யும் வாங்கி வந்தவர். பழைய ஓவியமொன்றின் படத்தை நீட்டினார்: தலையில்லாத தூண்கள், கூரை போன கோயில், மாலை வெயில், மேயும் ஓர் ஆடு.

"உடைஞ்சதிலதான் தம்பி அழகு. இதை மண்டப மேடைச் சுவர் முழுக்கக் கீறித் தாரும். முடிஞ்ச அடுத்த நாள் உம்மட சீலிங்."

வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற இக்னேசியஸ் சீலிங்கை நினைத்துக்கொண்டு வரைந்தார். ஆட்டின் தாடிகூடப் பிசகவில்லை.

பதினோராம் நாள், தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு, அதாவது மஞ்சள் நீராட்டு விழாவுக்கு, மண்டபம் பார்க்க யோகராணி என்பவர் வந்தார். சுவரைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"பிள்ளைக்கு நல்ல காரியம் செய்யேக்க பின்னால இடிஞ்ச கோயிலோ அண்ணை? வீடியோவிலயும் எல்லே விழும். உந்தக் கோயிலைக் கட்டி முடிச்சிட்டுச் சொல்லுங்கோ, அட்வான்ஸ் தாறன்."

உடனே அவசரக் கூட்டம் கூடியது. உறுப்பினர் அமிர்தநாதர் ஒருவரே என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தூண்களுக்குத் தலை வைப்பது, கூரைக்கு ஓடு போடுவது, வெடிப்புகளைப் பூசுவது. ஆட்டை மட்டும் அகற்றவில்லை. விழாச் சாப்பாட்டுப் பட்டியலில் மட்டன் இருந்தது.

"அப்ப என்ட சீலிங் அண்ணை?" என்றார் இக்னேசியஸ், தோளைப் பிடித்தபடி.

"அதுக்கென்ன அவசரம்? அதைத் திருத்தினால்தான் புக் பண்ணுவன் எண்டு அங்க ஆரும் நிக்கேல்லையே."

ரோமர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகச் செய்யாத வேலையை இக்னேசியஸ் நான்கு நாளில் செய்து முடித்தார். கோயில் புதுவீடு போல மினுங்கியது. யோகராணி அட்வான்சைக் கொடுத்தார். அமிர்தநாதரின் 'கலைத்தொண்டை' மண்டபத்துக்கு வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

மெச்சத்தான் வேண்டும். சுவரில் இருக்கிற ஊருக்கே கூரை போட்டுக் கொடுத்த மனிதர் அல்லவா! ஸ்டெபனியின் கட்டிலுக்கு மேலே ஒரு பைப்பும் ஆறடிச் சீலிங்கும் அவர் இன்னும் தரவேண்டியிருக்கிறது.